குற்றத் தடுப்புக்கு வரும் அரசு மானியம்: வாசகர் கேள்வி – பதில்

உள்ளூர் அளவில் குற்றத்தைத் தடுப்பதற்கும், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதற்கும், சிறையில் இருப்பவர்களுக்குச் சட்ட உதவி கிடைக்கச் செய்வதற்கும் அரசு ஒதுக்கும் நிதியைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. எழுதியவர்களின் பெயர்களும் ஊர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: காவல்துறை மாநில அரசின் பொறுப்பு என்றுதான் பள்ளியில் படித்தோம். எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் திறக்கப்பட்ட மகளிர் உதவி மையம் மத்திய அரசின் நிதியில் அமைந்தது என்கிறார்கள். இது எப்படி?

பதில்: நீங்கள் படித்தது சரியே. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொது ஒழுங்கு, காவல், சிறை ஆகிய மூன்றும் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆனால் ஒரு பொருளைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் வேறு, அந்தப் பொருளுக்குப் பணம் கொடுக்கும் அதிகாரம் வேறு. பொது நோக்கம் எதற்காகவும் மத்திய அரசோ மாநில அரசோ மானியம் வழங்கலாம், அந்த நோக்கம் தன் சட்டமன்றத்தின் அதிகார வரம்புக்கு வெளியே இருந்தாலும் தடையில்லை என்று 282ஆவது உறுப்பு கூறுகிறது. மாநிலக் காவல்துறையை நவீனப்படுத்துவதற்காக 1969-70 முதல் மத்திய அரசு அளித்துவரும் உதவியும், நீங்கள் குறிப்பிடும் உதவி மையமும் இத்தகைய மானியங்களே.

உங்கள் ஊர் மையம் நிர்பயா நிதியைச் சேர்ந்தது. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2013-14 மத்திய நிதிநிலை அறிக்கையில் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் 1,000 கோடி ரூபாயுடன் அறிவித்த நிதி அது. நாடெங்கும் 10,000 காவல் நிலையங்களில் உதவி மையம் அமைப்பதற்கு அதிலிருந்து 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு நிலையத்துக்குச் சராசரியாக 1 லட்சம் ரூபாய் என்று கணக்கு வருகிறது. மேசை, நாற்காலி, கணினி, தொலைபேசி ஆகியவற்றை வாங்க அது போதும். அங்கே நாள் முழுவதும் அமர்ந்திருந்து, வருகிறவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டிய பெண் காவலரின் ஊதியம் மாநில அரசின் கணக்கில்தான் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையுள்ள நிலையத்தில் அந்தக் காவலரையே பந்தோபஸ்துக்கும் அனுப்பிவிட்டால், மையத்தில் நாற்காலி மட்டும்தான் இருக்கும். திட்டங்களைப் படிக்கும்போது எந்தச் செலவு யாருடைய கணக்கில் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். மற்ற விவரங்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பெண்கள், குழந்தைகள் நலனுக்காகச் சில ஆண்டுகளாக இயங்கிவரும் பதிவுபெற்ற அறக்கட்டளை எங்களுடையது. நிர்பயா நிதிக்கு எப்படி விண்ணப்பிப்பது? இடைத்தரகர் ஒருவர் தொகையில் ஒரு பங்கு கேட்கிறார்.

பதில்: இடைத்தரகருக்கு ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். நிர்பயா நிதியில் தனியார் அறக்கட்டளை நேரடியாக விண்ணப்பிக்கும் வழியே கிடையாது. மத்திய அமைச்சகங்களும் மாநில அரசுகளும்தான் திட்ட முன்மொழிவுகளை அனுப்ப முடியும். மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் செயலர் தலைமையிலான அதிகாரக் குழு அவற்றைப் பரிசீலித்துப் பரிந்துரைக்கும். சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களுக்கான பாதுகாப்பான நகரத் திட்டம், 112 அவசர அழைப்பு, 181 மகளிர் உதவி எண், வன்முறைக்குள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள் எல்லாம் அப்படி வந்தவைதாம்.

உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு வேறு வாசல்கள் உண்டு. போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் மறுவாழ்வு மையங்களை நடத்தும் தன்னார்வ நிறுவனங்களுக்குச் சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம், போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசியச் செயல்திட்டத்தின் கீழ் மானியம் தருகிறது. அதற்கான விண்ணப்பம் அந்த அமைச்சகத்தின் இ-அனுதான் இணையவாயில் வழியாகச் செல்ல வேண்டும். இல்லங்களிலும் திறந்தவெளிப் புகலிடங்களிலும் உள்ள குழந்தைகளுக்கான நிதி, மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் மாநில அரசின் வழியாக வருகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய அரசு 60 விழுக்காடும் மாநிலம் 40 விழுக்காடும் ஏற்கும் திட்டம் அது. குழந்தைகள் இல்லம் நடத்துவதாக இருந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யாமல் எதுவும் தொடங்கக் கூடாது. எந்த மத்திய மானியத்துக்கும் நிதி ஆயோக்கின், தொண்டு நிறுவனங்களுக்கான தர்ப்பண் தளத்தில் பெறும் தனி அடையாள எண் கேட்கப்படும். தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளும், அறங்காவலர்களின் விவரங்களும், உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கும் தயாராக இருக்கட்டும்.

விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இணைத்து அனுப்பியிருந்த வரைவில் "பெண்களுக்கு எதிரான குற்றங்களை ஒழிப்பதே எங்கள் நோக்கம்" என்று முதல் பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். படிக்கும் அதிகாரிக்கு அது எதையும் தெரிவிக்காது. உங்கள் பகுதியில் எந்த வகையான குற்றம், எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாருக்கு நேர்கிறது என்பதை எழுதுங்கள். பள்ளி விட்டுப் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவியருக்கு ஒரு நிறுத்தத்தில் தொல்லை இருக்கிறது என்றால், அந்த நிறுத்தத்தில் விளக்கு இருக்கிறதா, பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, புகார் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பவற்றைச் சொன்ன பிறகு, நீங்கள் செய்யப்போவதைச் சொல்லுங்கள். அதற்கு எத்தனை பேர் வேண்டும், அவர்களுக்கு மாதம் எவ்வளவு ஊதியம், மானியம் முடிந்த மறுமாதம் அந்த ஊதியம் எங்கிருந்து வரும் என்ற மூன்றுக்கும் விடை எழுத முடியாவிட்டால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள். ஐந்து ஊர்களில் ஓராண்டு நடந்து நின்றுபோகும் ஆலோசனை மையங்களைவிட, ஓரூரில் தொடர்ந்து நடக்கும் மையமே பயன் தரும் என்பது என் கருத்து. நின்றுபோன மையத்தை நம்பிப் புகார் கொடுத்த பெண், வழக்கு நடக்கும்போது துணையின்றி நிற்பார்.

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் போக்சோ வழக்குகளுக்கான, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளுக்கான, சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அது "தற்காலிகத் திட்டம்" என்றும், ஆண்டுதோறும் நீட்டிப்பு வந்தால்தான் தொடரும் என்றும் கேள்விப்படுகிறேன். நீதிமன்றம்கூடத் தற்காலிகமாக இருக்க முடியுமா?

பதில்: இருக்க முடியும், இருந்தும் வந்திருக்கிறது. இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் மானியத்தின் இயல்பை மிக நன்றாகக் காட்டும் கேள்வி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பதினோராவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, தேங்கிக் கிடந்த வழக்குகளை முடிப்பதற்காக நாடு முழுவதும் 1,734 விரைவு நீதிமன்றங்களை அமைக்க 502.90 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தத் திட்டம் 2005 மார்ச்சோடு முடிய வேண்டியது. நீதிமன்றங்கள் வழக்குகளை முடித்துக்கொண்டிருந்ததால் 2010 வரையிலும், பிறகு மேலும் ஓராண்டும் நீட்டித்தார்கள். 2011 மார்ச் 31-க்குப் பிறகு மத்திய நிதி நின்றது. விருப்பமுள்ள மாநிலங்கள் சொந்தப் பணத்தில் தொடர்ந்தன. மற்ற மாநிலங்களில் நீதிமன்றங்கள் மூடப்பட்டன. அங்கே தற்காலிகமாக நியமிக்கப்பட்டிருந்த நீதிபதிகளின் நிலை என்ன என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பிரிஜ் மோகன் லால் வழக்கில் 2012 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, விரைவு நீதிமன்றங்களைத் தொடர்வதா மூடுவதா என்ற கொள்கை முடிவை அரசுகளுக்கே விட்டது. ஆனால் தொடர்வதென்று முடிவு செய்தால் தற்காலிக ஏற்பாடாக இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது, நிரந்தரமாக்க வேண்டும் என்று வலியுறுத்தியது.

அந்த ஆண்டின் இறுதியில்தான் டெல்லிக் கொடுமை நடந்தது. விரைவாக விசாரிக்கும் நீதிமன்றம் வேண்டும் என்று நாடு முழுவதும் குரல் எழுந்தபோது, ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆண்டுக்கு முன்புதான் அத்தகைய நீதிமன்றங்களுக்கான மத்திய நிதி நின்றிருந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

2018-இல் குற்றவியல் சட்டத் திருத்தம் வந்த பிறகு, பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கும் போக்சோ வழக்குகளுக்குமாக 1,023 விரைவு சிறப்பு நீதிமன்றங்களை அமைக்கும் திட்டம் 2019 அக்டோபரில் தொடங்கியது. ஒரு நீதிமன்றத்துக்கு ஒரு நீதித்துறை அலுவலரும் ஏழு பணியாளர்களும் என்பது திட்டத்தின் அளவு. மத்திய அரசின் பங்கு நிர்பயா நிதியிலிருந்து வருகிறது. முதலில் ஓராண்டுக்கு என்று தொடங்கிய இத்திட்டம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை, 2026 மார்ச் 31 வரையிலான காலத்துக்கு மொத்தம் 1,952.23 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. 2000-இல் தொடங்கிய திட்டத்தின் பாதையிலேயே இதுவும் நடப்பதைக் காணலாம்.

இப்படித் தவணை தவணையாக நீட்டிப்பதால் என்ன கெடுகிறது என்றால், வேலையில் பழகிய ஆட்களை இழக்கிறோம். குழந்தையிடம் சாட்சியம் பெறும்போது எப்படிப் பேச வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்ட எழுத்தரும், அரசு வழக்கறிஞரும், ஆலோசகரும் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத நிலையில் வேறு வேலை தேடுவது இயல்பு. புதியவர் வந்து கற்றுக்கொள்வதற்குள் இன்னொரு நீட்டிப்புக் காலம் கழிந்துவிடுகிறது. கட்டடத்துக்கும் கருவிக்கும் காலவரையறையுள்ள மானியம் பொருந்தும். நீதிமன்றம் போன்ற நிரந்தரத் தேவைக்கு அது தொடக்க உதவியாக மட்டுமே இருக்க வேண்டும். பணியிடங்களை மாநிலத்தின் வழக்கமான நிதிநிலை அறிக்கைக்குள் கொண்டுவருவதற்கான ஆண்டு, திட்டத்தின் முதல் ஆணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் தெருக்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த விரும்புகிறது. அரசு நிதி கிடைக்குமா?

பதில்: நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்ற அளவில் உள்ளது. பொது இடங்களில் கேமரா பொருத்துவதற்கு அந்த நிதி பல இடங்களில் பயன்பட்டிருக்கிறது. உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் வழியாக வேலை நடக்கும், சங்கத்தின் கையில் பணம் வராது. நிலைத்த சொத்து உருவாக்கத்துக்கான நிதி அது என்பதால் மின்கட்டணம், பழுதுபார்ப்பு, இணைய இணைப்பு ஆகிய தொடர் செலவுகளை அதிலிருந்து எடுக்க இயலாது. அவற்றை யார் ஏற்பது என்று காவல் நிலையத்துடனும் உள்ளாட்சியுடனும் எழுத்தில் முடிவு செய்துகொண்டு கேமரா கேளுங்கள். பதிவுகளை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். இருண்ட தெருவில் கேமராவைவிட விளக்குக்கு முதலிடம் கொடுப்பது நல்லது.

கேள்வி: என் தம்பிக்கு ஜாமீன் கிடைத்துப் பல வாரங்கள் ஆகின்றன. பிணைத்தொகை கட்ட வசதியில்லாமல் இன்னும் சிறையில்தான் இருக்கிறான். எங்களைப் போன்றவர்களுக்கு அரசு நிதி ஏதும் உண்டா?

பதில்: உண்டு. ஏழைச் சிறைவாசிகளுக்கு உதவும் திட்டம் 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதன் மைய முகமையாக இருந்து மாநிலங்களுக்குப் பணத்தை விடுவிக்கிறது. 2023-இல் வெளியான வழிமுறையின்படி, ஜாமீன் ஆணை வந்து ஏழு நாட்களுக்குள் விசாரணைக் கைதி விடுதலையாகவில்லை என்றால், சிறை நிர்வாகமே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் குடும்பத்தின் நிலையை விசாரித்த பிறகு, மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சிறை அதிகாரி, நீதிபதி ஒருவர் ஆகியோருடன் செயலாளரும் இடம்பெறும் அதிகாரக் குழு முடிவெடுக்கும். விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாமல் இருக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் அந்த வழிமுறை அனுமதித்தது. ஊழல் தடுப்புச் சட்டம், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டம், போதைப்பொருள் சட்டம், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் ஆகியவற்றின்கீழ் வரும் வழக்குகளுக்கு இந்த உதவி பொருந்தாது.

சிறை நிர்வாகம் தெரிவிக்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஜாமீன் ஆணையின் நகலுடன் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நாளையே செல்லுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். உச்சவரம்புகள் அவ்வப்போது திருத்தப்படக்கூடியவை. நடப்பு வரம்பை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவில் இருக்கிறது. பிணைத்தொகையைக் குறைக்கவோ, சொந்தப் பிணையில் விடவோ கேட்டு மனுச் செய்ய அந்த வழக்கறிஞரைப் பயன்படுத்துங்கள். பல வழக்குகளில் அதுவே விரைவான வழியாக இருக்கும்.

கேள்வி: மானியம் பெறும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பொருளாளராக இருக்கிறேன். இரண்டாவது தவணை வரவில்லை. "யூ.சி. சரியில்லை" என்று மட்டும் சொல்கிறார்கள். நாங்கள் ஒரு ரூபாயும் வீணாக்கவில்லை.

பதில்: யூ.சி. எனப்படும் நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ், பணம் செலவானது என்பதோடு, எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கே செலவானது என்பதையும் உறுதி செய்யும் ஆவணம். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் அது தரப்பட வேண்டும். நேர்மையாகச் செலவிட்ட நிறுவனங்கள் தடுமாறும் இடங்கள் எனக்குத் தெரிந்து சில உண்டு.

முதலாவது, தலைப்பு மாற்றம். ஆலோசகரின் ஊதியத்துக்கென ஒதுக்கிய தொகை மிஞ்சியதால் அதில் ஒரு மடிக்கணினி வாங்கியிருப்பீர்கள். நல்ல காரியத்துக்குத்தான் என்றாலும், முன் ஒப்புதல் இல்லாவிட்டால் அது ஏற்கப்படாது. வட்டியை விட்டுவிடுவது இன்னொன்று. மானியத் தொகை வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டி நிறுவனத்துக்குச் சொந்தமன்று. மத்திய மானியமானால், கணக்கு முடிந்தவுடன் அது அரசின் தொகுப்பு நிதிக்குத் திரும்ப வேண்டும். மானியத்தில் வாங்கிய பொருள்களுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். அவற்றை அனுமதியின்றி விற்கக் கூடாது. வேறு நன்கொடைகள் வரும் கணக்கிலேயே மானியத்தையும் போட்டுக் கலந்துவிட்டால், எந்த ரூபாய் எங்கே போயிற்று என்பதைத் தணிக்கையாளருக்கு விளக்குவதற்குள் ஆண்டு போய்விடும். இந்தக் கணக்குகளைப் பார்வையிடும் உரிமை, நிதி ஒப்பளித்த அதிகாரிக்கும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைக்கும் உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மானியத்தை அனுமதித்த ஒப்பளிப்பு ஆணையை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே செலவை எழுதிப் பாருங்கள். குறை அங்கேயே தெரியும். தெரியாவிட்டால், எந்தக் குறை என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்படும் "சரியில்லை" என்பதற்கு மறுமொழி எழுத முடியாது. அதே சமயம், எல்லாத் தாமதமும் உங்கள் தவறாலேயே ஏற்படுகிறது என்று எண்ண வேண்டாம். மாநிலத்தின் பங்கு வராததாலோ, வேறு மாவட்டங்களின் சான்றிதழ்கள் வந்து சேராததாலோ மொத்தத் தவணையும் நிற்பதுண்டு. அந்த மாதங்களில் ஊதியமில்லாமல் வேலை பார்ப்பவர்கள் களப் பணியாளர்கள்தாம். இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய அநீதி இதுவென்று நினைக்கிறேன்.

கேள்வி: உதவி மையம், விழிப்புணர்வுக் கூட்டம் என்று செலவிட்ட பிறகும் எங்கள் பகுதியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பணம் வீண்தானே?

பதில்: எண்ணிக்கையிலிருந்து மட்டும் அப்படி முடிவு செய்ய முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை எண்ணுவது பதிவான வழக்குகளை. குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்ற எச்சரிக்கை அந்த அறிக்கையிலேயே இடம்பெற்று வந்திருக்கிறது. நேற்றுவரை காவல் நிலைய வாசலிலேயே திரும்பிப் போனவர் இன்று உள்ளே வந்து புகார் எழுதிக்கொடுத்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அதற்காக, கூடிய எண்ணிக்கையெல்லாம் வெற்றி என்று சொல்லிவிடவும் முடியாது. புகார் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று, சம்பவத்துக்கும் புகாருக்கும் இடையிலான நாட்கள் குறைந்தனவா, எத்தனை சாட்சிகள் பிறழ்சாட்சியாயினர், அதே நபர்மீது அதே பெண் மறுபடியும் புகார் கொடுக்க நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இந்த விவரங்களைத் திட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை எடுத்து வைத்திருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். முன்நிலைக் கணக்கெடுப்புக்கெனச் சிறு தொகையேனும் ஒதுக்கும் திட்டங்கள் நம்மிடம் மிகக் குறைவு. திறப்பு விழாவுக்கு மட்டும் பணம் குறைவதில்லை.

கேள்வி: குற்றவாளி இன்னும் பிடிபடவில்லை. அப்படியிருந்தும் இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: முடியும். குற்றவாளி யாரென்று கண்டறியப்படாவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருப்பவரோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஏ பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆவது பிரிவில் தொடர்கிறது. மருத்துவச் செலவு உடனடியாகத் தேவைப்பட்டால் இடைக்கால நிவாரணத்தையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவ ஆவணங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மாவட்டத்துக்கு இத்தகைய திட்டங்களில் எவ்வளவு பணம் வந்தது, என்னவாயிற்று என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கோ மனுச் செய்யுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். "எல்லா விவரங்களும் தருக" என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. ஒரு திட்டத்தையும் ஒரு நிதியாண்டையும் மட்டும் குறிப்பிட்டு, ஒப்பளிப்பு ஆணையின் நகல், ஒவ்வொரு தவணையும் வந்து சேர்ந்த நாள், அனுப்பப்பட்ட பயன்பாட்டுச் சான்றிதழின் நகல், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கை, அவற்றில் காலியாக உள்ளவை, பணியாளர்களுக்குக் கடைசியாக ஊதியம் வழங்கப்பட்ட மாதம் ஆகியவற்றைக் கேளுங்கள். பாதிக்கப்பட்டவர்களின் பெயர் முதலான விவரங்களைக் கேட்க வேண்டாம். அவை தரப்படமாட்டா, தரப்படவும் கூடாது. பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த முப்பது நாட்களுக்குள் எழுதுங்கள்.